ரஷ்யத் தேவாலயங்களைப் பார்க்கப் போகிறீர்களா? சாவி யாரிடம் என்று முதலில் கேளுங்கள்

ரஷ்யாவின் பழைய தேவாலயங்களைப் பார்க்கத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் எது அழகு, எது பெரிது என்றுதான் விசாரிப்பார்கள். அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: அந்தக் கட்டடத்தின் சாவி இப்போது யார் கையில்? 1917 புரட்சிக்குப் பிறகு அரசு எடுத்துக்கொண்ட தேவாலயங்களில் பல இடிக்கப்பட்டன, பல கிடங்குகளாயின, சில அருங்காட்சியகங்களாகித் தப்பின. 1990களிலிருந்து அவை ஒவ்வொன்றாக ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. அதனால் இன்று மூன்று வகை இருக்கின்றன. முழுக்க அருங்காட்சியகம், முழுக்க வழிபாட்டுத் தலம், இரண்டும் ஒரே கூரையின் கீழ். டிக்கெட், திறக்கும் நேரம், உடை, போட்டோ எல்லாம் இதை வைத்துத்தான் மாறும்.

பீட்டர்ஸ்பர்கில் ஒரே நாளில் இந்த வித்தியாசங்களைப் பார்த்துவிடலாம். நெவ்ஸ்கி சாலையில் அரைவட்டத் தூண்வரிசையோடு நிற்கும் கஸான் பேராலயம் (1801–1811) வழிபாட்டுத் தலம். டிக்கெட் கிடையாது, நேராக உள்ளே போகலாம். நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட தளபதி குதூஸவின் கல்லறை உள்ளே இருக்கிறது. சோவியத் காலத்தில் இதே கட்டடத்தில்தான் மதம் மற்றும் நாத்திகத்தின் வரலாற்று அருங்காட்சியகம் நடந்தது என்பது வேடிக்கை. அங்கிருந்து சற்று தூரத்தில் 'சிந்திய இரத்தத்தின் மீட்பர்' தேவாலயம். இது பெரும்பாலும் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் அருங்காட்சியகம், சில நேரங்களில் வழிபாடும் நடக்கும். புனித ஐசக் பேராலயம் கலப்பு வகை. முதன்மைக் கூடம் அருங்காட்சியகமாகவும் பக்கத்துச் சிற்றாலயம் வழிபாட்டுக்குமாக இயங்குகிறது. வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்குத் தனி வாசல், கட்டணமும் இல்லை. ஆனால் அந்த வாசலில் நுழைந்து சுற்றுலாப் பயணியாகத் திரியலாம் என்று நினைக்க வேண்டாம். நடுக்கூடத்துக்குள் விடமாட்டார்கள்.

விடுமுறை நாட்கள் ஊருக்கு ஊர் மட்டுமல்ல, கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபடும். மாஸ்கோ கிரெம்ளினுக்கு வியாழக்கிழமை விடுமுறை. ஐசக்குக்கும் இரத்த மீட்பருக்கும் வழக்கமாகப் புதன்கிழமை. இதற்கு மேல் 'சானிடார்னி தேன்' என்று ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு நாள் சுத்தம் செய்வதற்காக மூடுவார்கள். அது மாதத்தின் முதல் புதனா கடைசிச் செவ்வாயா என்பது அந்தந்த இடத்தின் இணையப் பக்கத்தில் ஒரு மூலையில்தான் போட்டிருக்கும். 'காஸ்ஸா' என்ற டிக்கெட் சன்னல், கட்டடம் மூடுவதற்கு அரை மணியோ ஒரு மணி நேரமோ முன்னதாகவே அடைத்துவிடும். ஆறு மணி வரை திறந்திருக்கும் என்று ஐந்தேகாலுக்குப் போய் நின்றால் ஏமாற்றம்தான். பெருவிழாக்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரஷ்யத் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் கிறிஸ்துமஸ் ஜனவரி 7, மரியன்னையின் இறப்பை நினைவுகூரும் துயில்விழா ஆகஸ்டு 28. ஈஸ்டரும் பெரும்பாலான வருடங்களில் வேறு தேதியில் வரும். அந்த நாட்களில் சில அருங்காட்சியக தேவாலயங்களும் வழிபாட்டுக்காகப் பயணிகளுக்கு மூடப்படும்.

உடை விஷயத்தில் தேவையில்லாத பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அருங்காட்சியகமாக இருக்கும் இடத்தில் தலையை மூடச் சொல்ல மாட்டார்கள். வழிபாடு நடக்கும் தேவாலயத்தில் பெண்கள் தலையில் துணி போட்டுக்கொள்வார்கள், முழங்காலுக்குக் கீழ் இறங்கும் பாவாடை அணிவார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், அரைக்கால் சட்டையோடு வரமாட்டார்கள். நகரத்துத் தேவாலயங்களில் ஜீன்ஸ் போட்ட பெண்ணை யாரும் தடுப்பதில்லை. மடாலயங்களில் கண்டிப்பு அதிகம். வாசலருகே ஒரு பெட்டியிலோ கொக்கியிலோ இரவல் துணிகளும் இடுப்பில் சுற்றிக் கட்டும் பாவாடைகளும் பல இடங்களில் இருக்கும். போகும்போது திருப்பி வைத்துவிட வேண்டும். நம் துப்பட்டா தாராளமாகப் போதும். பருத்தியாக இருந்தால் நல்லது. நெரிசலில் மெழுகுவர்த்தித் தட்டின் அருகே குனியும்போது வழுக்கும் சிந்தெடிக் துணி சரிந்து சுடரில் விழுந்தால் நொடியில் உருகிப் பற்றும்.

உள்ளே நாற்காலி வரிசை இருக்காது. ரஷ்ய வழிபாடு முழுக்க நின்றே நடப்பது. சனிக்கிழமை மாலை வழிபாடு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் போகும். சுவரோர பெஞ்சுகள் முதியவர்களுக்கானவை. அதில் உட்கார நேர்ந்தாலும் கால்மேல் கால் போட்டால் அங்கே பணிசெய்யும் மூதாட்டி வந்து சொல்லிவிட்டுத்தான் போவார். அவர்களுடைய குரல் கடுமையாக இருக்கும், மனதில் ஒன்றும் இருக்காது. 'இஸ்வினீத்யே', அதாவது மன்னியுங்கள், என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வழிபாடு நடக்கும்போது நுழைந்தால் பின்பக்கம், கதவுக்கு அருகே நில்லுங்கள். ஐகான்களை, அதாவது புனிதர்களின் வழிபாட்டுப் படங்களை, பார்க்கிற ஆசையில் கும்பிடுகிறவர்களுக்கும் பீடத்துக்கும் நடுவே குறுக்கே நடக்காதீர்கள். ஓரத்தில் சாய்வு மேடை ஒன்றின் அருகே பாதிரியார் நிற்க, சிலர் சற்று விலகி வரிசையில் காத்திருந்தால் அது பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கு. அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான் மரியாதை.

கூட்ட நேரத்தில் யாராவது தோளைத் தட்டி உங்கள் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுப்பார்கள். திகைக்க வேண்டாம். அது உங்களுக்கு வந்ததல்ல. முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அப்படியே கைமாறிக் கைமாறி உரிய ஐகானுக்குப் போய்ச் சேரும். நீங்களே ஏற்ற விரும்பினால் அந்தத் தேவாலயத்துக் கடையிலேயே வாங்குங்கள். அந்தப் பணத்தில்தான் அது நடக்கிறது. வட்டமான தாங்கிகள் உயிரோடிருப்பவர்களுக்காக. சிறு சிலுவையுருவம் நிற்கும் செவ்வகத் தட்டு 'கனூன்'. அது இறந்தவர்களுக்கானது. பிள்ளையின் பரீட்சைக்காக வேண்டிக்கொண்டு கனூனில் ஏற்றிவிட்டு வருகிற வெளியூர்க்காரர்கள் உண்டு. பாதி எரிந்த மெழுகுவர்த்தியை ஊழியர் பிடுங்கிப் போட்டால் அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. அடுத்தவருக்கு இடம் வேண்டும், புகையும் குறைய வேண்டும்.

இனிப் பார்க்க வேண்டிய விஷயம். உள்ளே நுழைந்ததும் எதிரே சுவர்போல எழும் ஐகான் தடுப்பு 'இக்கோனோஸ்தாஸ்'. இதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் வழிகாட்டி இல்லாமலே பாதி தேவாலயம் விளங்கிவிடும். நடுவில் இரட்டைக் கதவு, 'அரச வாசல்'. அதில் மரியன்னைக்குத் தேவதூதர் செய்தி சொல்லும் காட்சியும் கிறிஸ்துவின் வாழ்வை எழுதிய நான்கு நற்செய்தியாளர்களும் இருப்பார்கள். அந்தக் கதவைத் தாண்டிப் போவது நம் கோயில் கருவறைக்குள் நுழைவது மாதிரி. பூசகர்களைத் தவிர யாரும் போகக் கூடாது. கதவுக்கு நம் இடப்பக்கம் மரியன்னை, வலப்பக்கம் கிறிஸ்து. கிறிஸ்துவுக்கும் வலப்பக்கமாக அடுத்து வருகிற பெரிய ஐகான்தான் முக்கியம். அந்தத் தேவாலயம் யார் பேரில், எந்த விழாவின் பேரில் கட்டப்பட்டதோ அந்தப் படம் வழக்கமாக அங்கேதான் இருக்கும். பெயர்ப்பலகையின் சிரில் எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். படுக்கையில் மரியன்னை சாய்ந்திருக்க, பின்னால் நிற்கும் கிறிஸ்து துணியில் சுற்றிய சின்னக் குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தால் அது துயில்விழாத் தேவாலயம். அந்தக் குழந்தைதான் மரியன்னையின் ஆன்மா. நெருப்புத் தேரில் முதியவர் ஏறிப் போனால் தீர்க்கதரிசி எலியா. ஏறுநெற்றி, கத்தரித்த நரைத்தாடி, கையில் புத்தகம் என்றால் பெரும்பாலும் புனித நிக்கலாஸ்.

மேலே இருக்கும் வரிசைகளில் ஒன்றில் எல்லாரும் நடுவிலிருக்கும் கிறிஸ்துவை நோக்கித் தலை சாய்த்து நிற்பார்கள். நம் இடப்புறம் மரியன்னை, வலப்புறம் திருமுழுக்கு யோவான், பிறகு தேவதூதர்களும் அப்போஸ்தலர்களும். சிறிய சதுரப் படங்களாக ஓடும் வரிசை ஆண்டின் திருவிழாக்கள். அதற்கும் மேலே தீர்க்கதரிசிகள், உச்சியில் குலமுதல்வர்கள். இத்தனையும் கழுத்தை அண்ணாந்து வெறுங்கண்ணால் பார்ப்பது வீண். எட்டு மடங்கு பெரிதாக்கும் சின்ன பைனாகுலர் ஒன்று பையில் இருந்தால், விலை உயர்ந்த கேமராவைவிட அதுதான் பயன்படும். தடுப்பைப் பார்த்த பிறகு திரும்பி மேற்குச் சுவரைப் பாருங்கள். கடைசித் தீர்ப்பை வழக்கமாக அங்கேதான் தீட்டுவார்கள். வெளியே போகிற வழியில் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் கணக்கு. பயணிகளில் பலர் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

போட்டோ எடுக்கலாமா என்று சைகையிலாவது கேட்டுவிடுங்கள். 'மோஷ்னா ஃபோட்டோ?' என்றால் புரியும். ஃபிளாஷ் எங்கும் கூடாது. பிரார்த்தனை செய்பவரின் முகத்தை எடுக்கக் கூடாது. இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று. ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 148ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்துவதை 2013லிருந்து குற்றமாக்கியிருக்கிறது. எகாத்தரின்பர்க் தேவாலயம் ஒன்றுக்குள் போக்கிமான் விளையாடி வீடியோ போட்ட இளைஞருக்கு 2017இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. தேவாலயத்தின் முன்னால் ஆபாசமாக போஸ் கொடுத்து எடுத்த படங்களுக்காகச் சிறை போனவர்களும் உண்டு. குறும்பு ரீல்ஸ் எடுக்க வேறு இடம் பார்த்துக்கொள்வது உத்தமம்.

மாஸ்கோவில் எல்லாரும் முதலில் ஓடுவது செஞ்சதுக்கத்தின் புனித பாசில் பேராலயத்துக்கு. கஸான் நகரத்தைப் பிடித்ததன் நினைவாக ஜார் நான்காம் இவான், அதாவது பயங்கர இவான், 1555–1561இல் கட்டியது. வெளித்தோற்றத்தைப் பார்த்துவிட்டு உள்ளே பிரம்மாண்டக் கூடம் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இது ஒரே மேடையில் நெருக்கிக் கட்டிய ஒன்பது தனித்தனிச் சிற்றாலயங்கள். 1588இல் பாசிலின் கல்லறைமேல் இன்னொன்று சேர்ந்தது. உள்ளே இருப்பது குறுகலான நடைகளும், செங்குத்தான படிக்கட்டுகளும், பூவேலை தீட்டிய சுவர்களும்தான். படிகள் உயரமானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மேலே போகிறவர்கள் நடுக்கோபுரத்தின் அடியில் நின்று மேலே பார்க்க மறக்க வேண்டாம். கூம்பின் உட்புறம் தலைக்கு மேல் சுருங்கிச் சுருங்கிப் போவதை எந்தப் போட்டோவும் காட்டுவதில்லை. இப்படி இன்னொன்று கட்டக் கூடாது என்று சிற்பியின் கண்களை இவான் பிடுங்கினான் என்ற கதையை வழிகாட்டிகள் இன்னமும் விற்கிறார்கள். போஸ்த்னிக் என்ற அந்தச் சிற்பி பிறகு கஸானில் வேலை செய்த பதிவு இருக்கிறது.

கிரெம்ளினின் பேராலயச் சதுக்கத்துக்குத் தனி டிக்கெட், ஆயுதச்சாலை அருங்காட்சியகத்துக்கும் மகா இவான் மணிக்கூண்டுக்கும் வேறு டிக்கெட். இரண்டாவது வகையில் நேரம் குறித்துத்தான் கொடுப்பார்கள். பெரிய முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள், வெளியே பாதுகாப்பறையில் வைக்க வேண்டும். அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள். சதுக்கத்தில் முதலில் நுழைய வேண்டியது அரிஸ்டாட்டில் ஃபியோரவந்தி என்ற இத்தாலியர் 1475–1479இல் கட்டிய துயில்விழாப் பேராலயம். ஜார்கள் முடிசூடிய இடம். 1812இல் பிரெஞ்சுப் படை கொள்ளையடித்து, பிறகு மீட்கப்பட்ட வெள்ளியில் செய்த சரவிளக்கு நடுவில் தொங்குகிறது. பக்கத்திலிருக்கும் தலைமைத் தூதர் பேராலயம் ஜார்களின் கல்லறை. பயங்கர இவானைத் தேடினால் கிடைக்க மாட்டான். அவன் கல்லறை ஐகான் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. மாஸ்கோவில் நேரம் குறைவென்றால், 1931இல் இடித்து 2000இல் புதிதாகத் திறந்த மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு போய்விடலாம். பிரம்மாண்டம் உண்டு, பழமை இல்லை.

பீட்டர்ஸ்பர்குக்குத் திரும்பினால், ஐசக்கின் தூண்மாடத்துக்கு 262 படிகள், டிக்கெட்டும் தனி. ஏறும் வழியும் இறங்கும் வழியும் வேறு வேறு என்பதால் பாதியில் மனம் மாறித் திரும்ப முடியாது. இரத்த மீட்பரில் 7000 சதுர மீட்டருக்கு மேல் மொசைக். 1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் வெடிகுண்டுத் தாக்குதலில் அடிபட்ட இடத்தின் தெருக்கற்களை உள்ளே ஒரு விதானத்தின் கீழ் அப்படியே விட்டிருக்கிறார்கள். காலையில் திறந்ததும் போவது நல்லது. சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் அந்தக் கற்களைப் பார்க்கத் தலைகள்தான் தெரியும்.

உண்மையில் பழமையைப் பார்க்க வேண்டுமென்றால் விளாதிமிர் போக வேண்டும். மாஸ்கோவிலிருந்து வேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். துயில்விழாப் பேராலயத்தில் ஐகான் ஓவியர் அந்திரேய் ருப்ளியோவ் 1408இல் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. ஆனால் கண்ணைப் பறிக்கும் பொன் தடுப்பையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ருப்ளியோவ் இருப்பது மேற்குப் பக்கம், பாடகர் மாடத்தின் அடிவளைவுகளில். இது வழிபாடும் நடக்கும் இடம். பயணிகளுக்கு இடைப்பட்ட பகல் நேரம் என்பதால் வாசலில் விசாரித்துவிட்டு ஊரைச் சுற்றலாம். நடந்து போகும் தூரத்தில் 1190களில் கட்டிய திமித்ரி பேராலயம். அதன் வெண்கல் சுவர் முழுக்கச் சிங்கமும் பறவையும் செடிகொடியுமாகச் சிற்பம். தெற்குச் சுவரில் மாவீரன் அலெக்சாண்டரைப் பறவை மிருகங்கள் வானத்துக்குத் தூக்கிப் போகும் காட்சியைத் தேடுங்கள். தேவாலயச் சுவரில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அரச பெருமைதான்.

அங்கிருந்து 10 கிலோமீட்டரில் பகல்யூபவ. ரயில் நிலையத்தருகே தண்டவாளத்தைத் தாண்டிப் புல்வெளியில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் நெர்ல் ஆற்றங்கரையின் சிறிய வெண்தேவாலயம். 12ஆம் நூற்றாண்டு. ஏப்ரலில் வெள்ளம் சூழ்ந்து நின்றாலும் உள்ளே ஏறாது. ஏனென்றால் அது நிற்பது கட்டியவர்களே எழுப்பிய செயற்கை மேடு. அந்த மாதம் பாதை மூழ்கும், தேவாலயத்துக்குப் போக முடியாமல் போகலாம். வெள்ளம் வடிந்த பிறகும் சேறுதான். வழியில் நிழலோ கடையோ கிடையாது. தண்ணீரும், கோடையில் கொசு மருந்தும் எடுத்துப் போங்கள். பக்கத்து சுஸ்தால் ஊரில் ஒவ்வொரு பெரிய தேவாலயத்துக்கும் அருகே குட்டையாக இன்னொன்று நிற்பதைக் கவனிக்கலாம். பெரியது கோடைக்கு, அதில் கணப்பு கிடையாது. சின்னது சூடேற்றக்கூடிய குளிர்கால ஆலயம். சுஸ்தாலுக்கு ரயில் இல்லை, விளாதிமிர் பேருந்து நிலையத்திலிருந்துதான் போக வேண்டும்.

மழை பெய்தால் வெளியே நனைவதற்குப் பதில் உள்ளே ஓவியம் பார்ப்போம் என்ற கணக்கு ரஷ்யாவில் சில இடங்களில் தலைகீழாகும். பழைய சுவரோவியத்தின் எதிரி ஈரம். ஈர உடையோடு நுழைகிற ஒவ்வொருவரும் உள்ளே ஆவியைக் கொண்டுவருகிறார்கள். அது குளிர்ந்த சுவரில் படிந்து சுண்ணப்பூச்சிலிருக்கும் உப்பை வெளியே இழுக்கிறது, வண்ணம் உதிர்கிறது. அதனால் தியனீஸி 1502இல் தீட்டிய ஃபெரபோந்தவ மடாலயத்திலும், கிரேக்கரான தியோஃபனிஸ் 1378இல் தீட்டிய நோவ்கராதின் உருமாற்றத் தேவாலயத்திலும் ஈரப்பதம் ஏறினால் பயணிகளை நிறுத்திவிடுவார்கள். இவற்றை ஒரே நாள் பயணமாகப் போடாதீர்கள். ஒரு நாள் உபரி வைத்துக்கொண்டு, வெயில் அடிக்கிற காலையில் முதல் ஆளாகப் போங்கள்.

குளிர்காலத்தில் கண்ணாடிகளுக்கும் இதே சிக்கல். மைனஸ் பதினைந்திலிருந்து சூடான கூடத்துக்குள் நுழைந்தவுடன் கேமராவை எடுத்தால் லென்ஸ் மூடுபனியாகிவிடும். பைக்குள்ளேயே மூடி வைத்து இருபது நிமிடம் விட வேண்டும். போனை உள்சட்டைப் பையில் வைத்தால்தான் பேட்டரி தாங்கும்.

பணத்தை ரூபிளாகவே கையில் வைத்திருங்கள். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டில் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் செல்லாது. கிரெம்ளின் பக்கம் ஜிபிஎஸ் நம்பகமில்லை. செஞ்சதுக்கத்தில் நிற்கும்போது விமான நிலையத்தில் நிற்பதாக மேப் சொல்லும். தெருப்பெயரைச் சிரில் எழுத்தில் எழுதிவைத்திருப்பது நல்லது.

கடைசியாக கீஷி. ஒநேகா ஏரித் தீவில் 1714இல் எழுந்த, 22 குவிமாடங்களும் 37 மீட்டர் உயரமும் கொண்ட மரத் தேவாலயம். ஒரு ஆணி கூட இல்லை என்பார்கள். கட்டைகளை அடுக்கிய உடற்பகுதிக்கு அது பொருந்தும். குவிமாடத்தை மூடிய ஆஸ்பென் மரச் சில்லுகளை ஆணியடித்துத்தான் பொருத்தியிருக்கிறார்கள். வெள்ளிபோலப் பளபளப்பது அந்தச் சில்லுகள் வெயிலிலும் மழையிலும் நிறம் மாறியதால். சில்லின் முனை படிக்கட்டுபோல வெட்டப்பட்டிருக்கும், பைனாகுலரில் தெளிவாகத் தெரியும். கீழ்ப்பகுதி உளுத்துப்போனதால் மேல்பாகத்தைத் தாங்கி நிறுத்தி, அடுக்கடுக்காகப் பிரித்துப் பழுதுபார்த்தார்கள். வேலை 2020இல் முடிந்தது. ஏரிக்கரை நகரமான பெத்ரஸவோத்ஸ்கின் துறையிலிருந்து வேகப்படகில் ஒன்றேகால் மணி நேரம், கோடைக்காலத்தில் மட்டும். டிக்கெட் எடுக்கும்போதே திரும்பும் படகின் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும், தீவில் கிடைப்பது மூன்று மணி நேரம் போல. காற்று பலமாக வீசினால் படகை ரத்து செய்வார்கள். அதனால் கீஷியை பெத்ரஸவோத்ஸ்கில் தங்கும் முதல் நாளில் வைத்துக்கொண்டால், காற்றடித்தாலும் மறுநாள் கையில் இருக்கும். தீவில் விரியன் பாம்பு உண்டு, புல்லில் இறங்காமல் பாதையிலேயே நடங்கள். குறித்த இடத்தைத் தவிர எங்கும் புகைபிடிக்க அனுமதி இல்லை.